பார்க்க மட்டும் ஒரு பெயர்

செய்தி வந்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். இடுப்பில் குழந்தை தேனு, கையில் மண்ணெண்ணெய் கேன், எனக்கு முன்னால் நாலு பேர். நம் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டும் ஏகாம்பரம் அண்ணன் சைக்கிளில் வந்து, இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். தெருக்கோடியிலேயே கிண்டலை ஆரம்பித்துவிடுகிற மனிதர் பேசாமல் நின்றதும் என் கை தானாகத் தேனுவின் நெற்றிக்குப் போனது. கெட்ட செய்தி என்று மனசுக்குப் பட்டால் முதலில் குழந்தைக்குச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்காதீர்கள்.

"கலை, ரஹ்மத் போயிட்டாம்மா. வெடிய வெடிய மூச்சு வாங்கிச்சாம். நான் வண்டிய எடுத்துனு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

நான் அழவில்லை. "நேத்து டேப் எடுத்துட்டாளா அண்ணே?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கேள்விக்காக இன்றுவரை கூசுகிறேன். ஆனால் ரஹ்மத் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். சரியான கேள்விதான் என்றும் சொல்லியிருப்பாள்.

இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னீர்கள். தேனுவுக்கு வயிற்றுப்போக்கு, பாதியிலேயே எழுந்து போய்விட்டேன். பிறகு பெரிய டாக்டரம்மா தாளைக் கொடுத்து, பேச முடியாததை எழுதிக் கொடு என்றார். மற்ற எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், நான்தான் பாக்கி. அவள் எவ்வளவு கெட்டிக்காரி, பிள்ளைகளிடம் எவ்வளவு பிரியம் என்றெல்லாம் நீங்கள் எழுதியாயிற்று. கம்ப்யூட்டர் அறைக்குள்ளே நடந்த ஒன்றை நான் எழுதவேண்டும். அது எனக்கும் அவளுக்கும் டாக்டரம்மாவுக்கும் மேனேஜருக்கும் மட்டுமே தெரியும்.

ரஹ்மத்தும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே வயது, இருவரும் கணிதத்தில் பி.எஸ்ஸி. அவளுடைய அத்தா கோட்டை போகிற பாதையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர். என் நைனா தளவானூரில் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளின் தடுப்பூசி, மருந்து விவரங்களையெல்லாம் அட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுவது என்று ஆஸ்பத்திரி முடிவெடுத்தபோது எங்கள் இரண்டு பேரையும் ஆறு வாரப் பயிற்சிக்கு மெட்ராஸ் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது மெஷினும் வந்திருந்தது. ஒரு பீரோ உயரம், திரையும் விசைப்பலகையுமாக நான்கு டெர்மினல், யூனிக்ஸ் என்கிற ஏற்பாடு. அதற்காக ஏ.சி. போட்டார்கள். ஆஸ்பத்திரியில் வேறு எங்கும் ஏ.சி. கிடையாது என்பதால் ஏகாம்பரம் அண்ணன் அந்த அறைக்கு ஊட்டி என்று பெயர் வைத்தார். சித்திரை மாதத்தில் நர்ஸ்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு ஊட்டிக்கு வந்து நின்றுவிட்டுப் போவார்கள்.

பொறுப்பு ரஹ்மத்துக்குக் கொடுக்கப்பட்டது. நான் பிரசவத்துக்குப் போகவேண்டியவள், அதனால்தான் என்றார்கள். புரிந்தது. புரிந்தாலும் உறுத்தியது.

பேறுகால விடுப்பு முடிந்து நான் வந்தபோது அவள் ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். யூனிக்ஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைத் தட்டி, ரகசியச் சொல்லையும் தட்டினால்தான் உள்ளே விடும். உங்கள் பெயருக்கு எது அனுமதியோ அதுதான் உங்களால் முடியும். ஆனால் ரூட் என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் உள்ளே போனவருக்கு மெஷின் எதையும் மறுக்காது. படி என்றால் படிக்கும், அழி என்றால் அழிக்கும், ஏன் என்று கேட்காது. மெஷினை நிறுவிய என்ஜினீயர், தினமும் எல்லாவற்றையும் டேப்பில் நகல் எடுத்து வைக்கவேண்டும் என்றால் எல்லாவற்றையும் படிக்க முடிந்தவர்தான் எடுக்க முடியும், ஆகவே ரூட்டில் போய் எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்படியே நடந்துகொண்டிருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காகிதத்துக்கும் தெரியும்.

ரஹ்மத் அந்தச் சொல்லை மாற்றினாள். டேப் எடுப்பதற்கென்று தனியாக ஒரு பெயரை உண்டாக்கினாள். இங்கிலீஷ் எழுத்தில் 'பார்வை' என்று வைத்தாள். விவரமெல்லாம் பதிந்திருக்கும் மெஷினின் வட்டில், அதாவது டிஸ்கில், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று உரிமை குறித்திருக்கும்: உடையவர் படிக்கலாம், எழுதலாம். ஒரு குழுவினர் படிக்கலாம், எழுத முடியாது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 'பார்வை'யை அவள் அந்த நடுக் குழுவில் சேர்த்தாள். வட்டு முழுவதையும் ஒரு எழுத்து விடாமல் அது படிக்கும், டேப்பில் இறக்கும். வட்டில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற அதனால் முடியாது. தினசரி விவரம் ஏற்றுகிற எங்கள் சொந்தப் பெயர்களால் புது வரி சேர்க்கலாம், இருப்பதை அழிக்கவோ டேப்பைத் தொடவோ முடியாது. இவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு அரை மணி நேர வேலை. மெட்ராஸ் என்ஜினீயருக்குத் தோன்றாதது இவளுக்கு எப்படித் தோன்றியது என்று அன்றைக்கு நான் வியக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"என்ன நம்பலையா நீ?" என்று கேட்டேன்.

"உன்ன நம்பறேன்டி. உன் தூக்கத்ததான் நம்பல" என்றாள். "கொழந்த ராத்திரியில எத்தினி வாட்டி எழுந்துக்குது?"

"நாலு வாட்டி. அதுக்கு இன்னா?"

"நாலு வாட்டி எழுந்தவ கையில நான் கத்திய குடுப்பேனா? சரி, மூஞ்ச தூக்காத. நானும் டேப்புன்னா 'பார்வை'யிலதான் போவேன். எனக்கும் சேத்துதான் போட்டது."

அது உண்மைதான். ரூட்டின் சொல்லை ஒரு உறையில் போட்டு ஒட்டி டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அவளே அந்தப் பெயரில் உள்ளே போனால் எதற்காகப் போனாள் என்று ஒரு நோட்டில் எழுதுவாள். அதே நோட்டில் டேப் எடுப்பவரும் தேதியும் டேப் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் இன்னொரு வேலை உண்டு. ஒரு வாரம் பழைய டேப்பை எடுத்து, மெஷினில் காலியாக இருக்கும் இரண்டாவது வட்டில் கொட்டுவோம். கொட்டியதிலிருந்து ஏதாவது பத்து பிள்ளைகளின் விவரங்களைக் காகித அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 'பார்வை'க்கு எழுத அனுமதி இருந்தது அந்தக் காலி வட்டில் மட்டும்தான். இந்தச் சனிக்கிழமை வேலை எதற்கு, தினமும்தான் எடுக்கிறோமே என்று நான் சலித்துக்கொள்வேன். "எடுத்து வெச்சிட்டா ஆச்சா? திரும்பி வருதான்னு பாக்க வேணாமா?" என்பாள். சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் கேட்பாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எழுத முடியாவிட்டாலும் எல்லாவற்றையும் படிக்க முடிகிறதே, அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை ஒப்பிட்ட பத்து அட்டையில் ஒன்று என் பக்கத்து வீட்டுப் பையனுடையது. அவனுக்குக் காசநோய் மருந்து நடக்கிறது என்று அதில் இருந்தது. தினமும் தேனுவைத் தூக்கிக் கொஞ்சுகிற பையன். மறுநாள் முதல் நான் வாசல் கதவைச் சாத்தி வைத்தேன். அவன் அம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு வேலையாக ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ரஹ்மத்திடம் அழுதிருக்கிறாள்: "கலைக்கு எம்மேல இன்னா கோவம்னு தெரியல."

ரஹ்மத் என்னைத் திட்டவில்லை. பையனின் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்து, மருந்து ஆரம்பித்த தேதியைக் காட்டினாள். ஆரம்பித்து ஐந்து மாதம். இனி அவனிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். "பாதி படிச்சிட்டு ஓடியிருக்க. பாக்கறதும் ஒரு பவர்தான்டி. இங்க பாத்தத இங்கியே வெச்சிட்டு வூட்டுக்குப் போ." அன்று சாயங்காலம் நான் கதவைத் திறந்து வைத்தேன். அந்த அம்மாவுக்குக் காரணம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதானே விஷயம்.

இனி அந்த அமாவாசை.

அதற்கு முந்திய சனிக்கிழமை தேனுவுக்கு முதல் முறையாகக் காய்ச்சல் கண்டது. அப்போது அவளுக்கு எட்டு மாதம். மாமியார் ஆள் அனுப்பியபோது மணி நாலு. எனக்கு லீவு ஒன்றுகூட மிச்சமில்லை. பேறுகாலத்திலேயே தீர்த்துவிட்டேன். இனி ஒரு முறை சொல்லாமல் போனால் வேலையை மறந்துவிடலாம் என்று மேனேஜர் அந்த மாதம்தான் எழுதிக் கொடுத்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு அப்போது நிரந்தர வேலை இல்லை. நைனா மண்வெட்டியைக் கீழே வைத்ததே என் சம்பளத்தை நம்பித்தான். நான் நின்று விழிப்பதைப் பார்த்து ரஹ்மத், "நீ கெளம்பு, டேப்ப நான் பாத்துக்கறேன்" என்றாள். போகிற அவசரத்தில், மேனேஜர் கண்ணில் பட்டால் நான் இருந்ததாகத் தெரியட்டும் என்று, நோட்டில் அன்றைய வரியை நானே எழுதினேன்: பழைய டேப் காலி வட்டில் கொட்டப்பட்டது, சரிபார்க்கப்பட்டது, கலையரசி. செய்யாத வேலைக்குக் கையெழுத்து. வீட்டுக்குப் போய் ஈரத்துணி போட்டேன், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. நோட்டை மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அமாவாசை. மேல்மலையனூரில் கூட்டத்தோடு கூட்டமாக நம் மருத்துவ முகாம் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கோயிலுக்கு வருகிற கிராமத்து ஜனங்கள் பிள்ளைகளையும் காட்டிவிட்டுப் போவார்கள். காலையில் மெஷினிலிருந்து பட்டியல் அச்சாகி ஜீப்பில் போனது. அதில் முக்கியமானது மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடவேண்டிய பிள்ளைகளின் பட்டியல். மூட்டுக் காய்ச்சல் வந்து இதயம் பாதித்த பிள்ளைகள். ரஹ்மத்தும் பதினொரு வயதிலிருந்து அந்தப் பட்டியலில் இருப்பவள்தான். அவளுடைய அட்டையும் மெஷினில் இருந்தது.

முகாமில் ஸ்டெல்லா சிஸ்டர் பட்டியலைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். சீயமங்கலத்துப் பெண் குழந்தை, ஆறு வயது. ஊசி தவறிப்போயிருக்கிறது என்று பட்டியல் சொன்னது. ஊசியில் மருந்து ஏற்றி, குழந்தையைத் திருப்பிப் படுக்க வைத்தாயிற்று.

அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சிஸ்டர் இது? போன பொதன்கெழமதான போட்டீங்க! அதுலதான் பொண்ணுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சி மூஞ்சி வீங்கி, மூச்சே நின்னுபோற மாரி ஆச்சி. இனிமே இந்த ஊசியே ஆவாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே. எழுதி வெக்கலியா நீங்க?"

எழுதி வைத்திருந்தோம். புதன்கிழமை நானேதான் ஏற்றினேன்: இந்த ஊசி கூடாது, மாத்திரை மட்டும். அது பட்டியலில் இல்லை. சிஸ்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, முகாமை நிறுத்திவிட்டு, ஜீப்பில் திரும்பி வந்தார். பட்டியலை டாக்டரம்மா மேசையில் வைத்தார்.

அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. மெஷினில் இருந்த எல்லா விவரமும் ஒரு வாரம் பின்னால் போயிருந்தது. யாரோ பழைய டேப்பைக் காலி வட்டில் கொட்டாமல், நடப்பில் இருந்ததன் மேலேயே கொட்டியிருக்கிறார்கள். டாக்டரம்மா, மேனேஜர், ரஹ்மத், நான், நாலு பேரும் ஊட்டியில் நின்றோம். மேனேஜர் நோட்டைத் திறந்தார்.

"இதோ பாருங்க டாக்டர். சனிக்கெழம பழைய டேப்ப போட்டது கலையரசி. கையெழுத்து இருக்குது. எங்க கொட்டறோம்னு பாக்காம கொட்டிட்டு வூட்டுக்குப் போயிட்டா. நான் அப்பவே சொன்னேன், இந்த மாதிரி எடத்துலருந்து வர்றவங்கள..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. இந்த மாதிரி முடிக்காத வாக்கியங்களைக் கேட்டுத்தான் நைனா என்னைப் படிக்க வைத்தார். ஏதாவது காணாமல் போனால் சந்தேகம் முதலில் யார் வீட்டு வாசலுக்கு வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

நான் அன்றைக்கு இல்லை என்று சொன்னால் சொல்லாமல் போனதற்கு வேலை போகும். இருந்தேன் என்றால் ஒரு குழந்தையைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் என்று போகும். இரண்டில் எது குறைந்த அவமானம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ரஹ்மத் பேசினாள்.

"கலையால முடியாது சார்."

"முடியாதா? பண்ணியிருக்கிறாளேம்மா!"

"பண்ண மாட்டான்னு சொல்லல. முடியாதுன்றேன். டாக்டர், ஒரு நிமிஷம் பாருங்க. கலை, ஒக்காரு. 'பார்வை'யில உள்ள போ."

உட்கார்ந்தேன். பெயரையும் சொல்லையும் தட்டினேன்.

"அந்த சீயமங்கலத்துக் கொழந்தையோட ஃபைல அழி."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"அழிடி. நான் சொல்றேன்ல."

தட்டினேன். அனுமதி இல்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. இன்னொரு முறை என்றாள். இன்னொரு முறையும் அதே வரி. டேப்பைப் போட்டு நடப்பு வட்டின் மேல் எழுதச் சொன்னாள். மறுத்தது. எந்தப் பக்கம் போய் இடித்தாலும் அதே ஒரு வரி. சுவரில் முட்டுவது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"இப்ப எழுந்திரு" என்றாள். அவள் உட்கார்ந்தாள். ரூட்டில் உள்ளே போனாள். ஒரு ஃபைலின் பெயரைத் தட்டினாள். குழந்தையின் பெயர் இல்லை, அவளுடைய சொந்தப் பெயர், அவளுடைய பென்சிலின் அட்டை. அழி என்று தட்டி ரிடர்ன் விசையை அழுத்தினாள். திரையில் எதுவும் வரவில்லை. அடுத்த கட்டளைக்காக மெஷின் காத்து நின்றது. அட்டை போய்விட்டது.

"பாத்தீங்களா டாக்டர்? எங்கிட்ட ஏன்னுகூட கேக்கல." நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "இந்த மெஷின்ல பழசப் புதுசு மேல எழுத முடிஞ்சவ நான் ஒருத்திதான். அந்தச் சொல்லு வேற யாருக்கும் தெரியாது, ஒறையும் உங்ககிட்ட பிரிக்காம இருக்குது. அப்ப நான்தான் எழுதியிருக்கேன்."

டாக்டரம்மா கேட்டார்: "எப்பிடிம்மா?"

"தெரியல டாக்டர். யோசிக்கணும்."

அந்த இடத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. தவறு செய்தோம் என்று ஞாபகம் வந்து ஒப்புக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களே அரிது. சனிக்கிழமை டேப் போட்டது தான்தான் என்று தெரிந்தும், எங்கே தவறியது என்று இவளுக்கு ஞாபகமே வரவில்லை. நோட்டில் இருந்ததோ என் கையெழுத்து. அவள் பேசாமல் நின்றிருந்தால் போதும், சந்தேகம் என்னோடு போய்விட்டிருக்கும். அவள் தன் கை என்ன செய்தது என்று தெரியாமலே, செய்ய முடிந்த கை எது என்பதைப் பார்த்துவிட்டு, அதை எங்கள் முன்னால் நீட்டினாள். அந்தக் கணத்தில் அவள் பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எந்த மனிதரிடமும் அப்படித் தோன்றியதில்லை.

அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சனிக்கெழம புது டெர்மினல சேக்கறதுக்கு ரூட்ல போனேன். வெளிய வர்ல, அதான் நோட்டுலியும் எழுதல. அவசரத்துல அதுலியே டேப்ப போட்டுட்டேன். காலி வட்டுக்கு மாறாம, நின்ன எடத்துலியே கொட்டியிருக்கேன். 'பார்வை'யில போயிருந்தா அதுவே என்ன தடுத்திருக்கும்."

"அப்ப நோட்டுல கலை பேரு எப்பிடி வந்திச்சி?" என்றார் டாக்டரம்மா.

ரஹ்மத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. தன்னுடையதைச் சொல்லிவிட்டாள், என்னுடையதை என்னிடமே விட்டுவிட்டாள்.

"நான் நாலு மணிக்கே போயிட்டேன் டாக்டர். கொழந்தைக்கு ஜுரம். செய்யாம கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன்.

மேனேஜர் ஏதோ ஆரம்பித்தார். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "மொதல்ல அந்தப் பட்டியல சரி பண்ணுங்க. மிச்சத்த அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

பீரோவில் வெள்ளிக்கிழமை டேப் இருந்தது. நான் எடுத்தது, 'பார்வை' என்ற பெயரில். ரஹ்மத் அதைப் போட்டாள். எந்த வட்டில் நிற்கிறோம் என்று மெஷினிடம் மூன்று முறை கேட்டுத் திரையில் பார்த்துக்கொண்டாள், டாக்டரம்மாவையும் படித்துப் பார்க்கச் சொன்னாள், பிறகுதான் அழுத்தினாள். சீயமங்கலத்துக் குழந்தையின் அட்டை வந்தது: இந்த ஊசி கூடாது, மாத்திரை மட்டும். சனிக்கிழமை ஒரு நாள் விவரங்களை மட்டும் காகிதத்திலிருந்து இருவரும் உட்கார்ந்து ஏற்றினோம். நடுவில் அவள் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். அழித்த அட்டையும் திரும்பி வந்திருந்தது. "நீ எடுத்து வெச்ச டேப்புலருந்து நானே எழுந்து வந்துட்டேன் பாரு" என்று சிரித்தாள். நான் அப்போதுதான் அழுதேன்.

இருவருக்கும் மெமோ கிடைத்தது. என் வேலை தப்பியது. குழந்தை வைத்திருக்கிற பெண் ஊழியர் அவசரத்துக்குப் போகலாம், ஆனால் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று டாக்டரம்மா ஒரு விதியே எழுதினார். நர்ஸ்களில் பலர் இன்று அதில் பயனடைகிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

ரஹ்மத் தனக்குத் தண்டனை போதாது என்று நினைத்தாள் போலிருக்கிறது. அடுத்த வாரமே ரூட்டின் சொல்லை இரண்டாக உடைத்தாள். முன்பாதி டாக்டரம்மாவுக்கு, பின்பாதி அவளுக்கு. ஒருவர் தட்டும்போது மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். இருவரும் இல்லாமல் யாரும் அந்தப் பெயரில் உள்ளே போக முடியாது. "இன்னா ரஹ்மத், உனக்கு நீயே காவல் போட்டுக்கற?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "எனக்குத்தான் டாக்டர் போடணும், என்னாலதான எல்லாம் முடியிது" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அப்படித்தான் நடந்தது. புறநோயாளிகள் வரிசையை நிறுத்திவிட்டு டாக்டரம்மா ஊட்டிக்குப் போவதைப் பார்த்து நீங்கள் எத்தனை முறை முணுமுணுத்திருப்பீர்கள். இதற்காகத்தான்.

அவள் மறைந்த நாலாம் நாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். ஒருவர் போய்விட்டால் அன்றைக்கே அவர் பெயரை மெஷினில் மூடிவிடவேண்டும், சொல்லை மாற்றிவிடவேண்டும் என்பது ரஹ்மத் எழுதி வைத்த விதி. அன்றைக்கே செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. விதியை மீறி மூன்று நாள் ஆகிவிட்டது. அவசரத்துக்கென்று அவள் தன் பாதியை எழுதி ஒட்டிக் கொடுத்திருந்த உறையை டாக்டரம்மா பிரித்து, தான் பார்க்காமல் என்னிடம் கொடுத்தார். பொறுப்பு இனி உனக்கு என்றார். எந்தப் பொறுப்புக்காக ஒரு காலத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேனோ அந்தப் பொறுப்பு. அதற்குள் போக எனக்குக் கால் வரவில்லை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று எழுதச் சொல்கிறீர்கள். அவளுடைய மூளை எனக்கு வராது. அவளுடைய பயம் வந்திருக்கிறது. நான் எப்போதும் பயந்தவள்தான், ஊருக்கே தெரியும். காய்ச்சலுக்குப் பயம், அடுத்த வீட்டுப் பையனுக்குப் பயம், மேனேஜருக்குப் பயம். உலகம் என் குழந்தைக்கு என்ன செய்துவிடுமோ என்கிற பயம். ரஹ்மத் உலகத்துக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. அவள் பயந்தது தன் கைக்கு. அந்தப் பயம் அவளைச் சுருக்கவில்லை. நாலு பேர் முன்னால் நிமிர்ந்து உட்கார வைத்தது. அதைத்தான் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

டாக்டரம்மா முன்பாதியைத் தட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்பாதியை நான் தட்டினேன். முதல் முறையாக ரூட் என்ற பெயரில் உள்ளே நின்றேன். ரஹ்மத்தின் பெயரை மூடினேன். திரையில் எதுவும் வரவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சொல்லை மாற்றினோம். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

"அவ்ளோதானா கலை? வந்தது வந்தோம், வேற எதனா பாக்கணும்னா பாத்துடு" என்றார் டாக்டரம்மா.

"அவ்ளோதான் டாக்டர்" என்று சொல்லி, வெளியே வந்துவிட்டேன்.